மூச்சை அளந்து சூட்டை விற்பவர்கள்

2023 பிப்ரவரி முதல் வாரம். கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், அக்கா வீடு. நான் போய் இறங்கிய மறுநாள் காலையில் காபி டம்ளரோடு ஒரு தாளையும் சேர்த்து நீட்டினாள்.

"தம்பி, நீ பிசிக்ஸ் படிச்சவன்தானே. இது என்னன்னு பாரு."

ஜனவரி மாதத்து கேஸ் பில். 532 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று படுக்கையறை வீடு. அதைச் சூடாக வைத்திருக்க ஒரு பாய்லர், சமைக்க நான்கு அடுப்பு. அவ்வளவுதான்.

அத்தானுக்கு அதில் சந்தேகமே இல்லை. "விலை ஏறிருக்கு மாப்ளே. ஊரே புலம்புது." அவர் சொன்னதும் நிஜம்தான். 2021 அக்டோபரில் பிரிட்டனில் வீட்டு கேஸ் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 பென்ஸ். 2022 ஏப்ரலில் 7 பென்ஸைத் தாண்டியது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, அந்த அக்டோபரில், அரசு முட்டுக் கொடுத்தும், 10.3 பென்ஸில் வந்து நின்றது. அந்தக் குளிர்காலத்தில் பஸ்ஸிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒரே பேச்சு, கேஸ் பில். எந்தத் தொகை வந்தாலும் ஜனங்கள் நம்பத் தயாராக இருந்தார்கள்.

அக்கா பழைய பில்களையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிற ரகம். முந்தைய ஆண்டு ஜனவரி பில்லைத் தேடி எடுத்தேன். எரிந்த கேஸுக்கு மட்டும் 73 பவுண்டு. இந்த ஆண்டு அதே கணக்கில் 523. ஏழு மடங்குக்கு மேல். விலையோ இரண்டரை மடங்குதான் ஏறியிருந்தது. மீதியை வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. வீட்டில் ஆள் கூடவில்லை. அறை கூடவில்லை. குளிரும் அப்படியொன்றும் வரலாறு காணாத குளிர் இல்லை. 2.8 என்ற அந்த எண்ணை அப்போதே நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. அதனால்தான் பில்லை வரி வரியாகப் பிரித்துப் படிக்க நேர்ந்தது. இந்த அத்தியாயமும் வந்தது.

*

பில்லின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு கணக்கு இருக்கிறது. மீட்டர் காட்டிய வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்கு, இன்னோர் எண்ணால் பெருக்கு, 3.6-ஆல் வகு, வருவது கிலோவாட் மணி. நம் ஊர் மின்சார பில்லில் ஒரு யூனிட் என்று சொல்கிறோமே, அதே கிலோவாட் மணிதான். கேஸையும் அந்த யூனிட்டிலேயே விற்கிறார்கள். ஆனால் மீட்டரில் ஓடுவது வேறு யூனிட். இந்த இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாரும் நடந்து பார்ப்பதில்லை.

முதலில் மீட்டர். அக்கா வீட்டில் அது வாசல் சுவருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. ஸ்மார்ட் மீட்டர் வேண்டவே வேண்டாம் என்று அத்தான் பிடிவாதம் பிடித்ததால், முந்தைய டிசம்பரில் பழையதைக் கழற்றிவிட்டுச் சாதாரண மீட்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதன் உடம்பில் காதை வைத்துக் கேட்டால், பாய்லர் ஓடும்போது மெல்லிய மூச்சு கேட்கும். உவமைக்காகச் சொல்லவில்லை. உள்ளே இருப்பது கொல்லன் துருத்தி மாதிரி இரண்டு பைகள். ஒரு பக்கம் வாயு நிறைந்து பையைத் தள்ளும். அந்தத் தள்ளலில் மறுபக்கத்து வாயு வீட்டுக்குள் போகும். ஒரு வால்வு நகர்ந்து திசையை மாற்றும். பை இப்போது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். இரண்டு பைகளும் மாறி மாறி இயங்குவதால் ஓட்டம் நிற்பதில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கொள்ளளவு நிர்ணயமானது. மூச்சை எண்ணினால் போதும், பல்சக்கரம் அதை இலக்கமாக மாற்றிவிடும். தாமஸ் குளோவர் 1844இல் செய்த உலர் மீட்டரின் அடிப்படை இதுதான். அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். வாயுவே தன்னைத் தள்ளித் தன்னை எண்ணிக்கொள்கிறது. இந்த நேர்த்தியை வியந்து முடிப்பதற்குள் அதன் குறையும் கண்ணில் பட்டுவிடுகிறது.

மீட்டர் எண்ணுவது வாயுவை அல்ல, வாயு அடைத்துக்கொண்ட இடத்தை. ஒரு படி அரிசி என்றால் எந்த ஊரிலும் ஏறக்குறைய அதே அரிசிதான். ஒரு படி வாயு அப்படியில்லை. அழுத்தினால் ஒடுங்கும் என்று 1662இல் ராபர்ட் பாயில் காட்டினார். சூடாக்கினால் விரியும் என்று 1787இல் ஜாக் சார்லஸ் கண்டார். பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து மறந்த அந்த இரண்டு விதிகளும் அக்காவின் பில்லில் ஒரே எண்ணாக உட்கார்ந்திருந்தன: 1.02264.

நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண்தான். 1996இல் வந்த ஒரு விதிமுறை அதை நிர்ணயித்தது. அதைப் பிரித்துப் பார்ப்பது சுவாரசியம். வாயுவை விற்பதற்கான திட்ட நிலை 15 டிகிரி செல்சியஸ், கடல் மட்டத்துக் காற்றழுத்தமான 1013.25 மில்லிபார். ஆனால் வீட்டு மீட்டருக்குள் வரும் வாயு அந்த நிலையில் இருக்காது. அது சராசரியாக 12.2 டிகிரியில் இருக்கும், வீடு கடல் மட்டத்திலிருந்து 67.5 மீட்டர் உயரத்தில் இருக்கும், குழாயில் வெளிக்காற்றைவிட 21 மில்லிபார் கூடுதல் அழுத்தம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்திருப்பதால் ஒரு சதவீதம் ஒடுங்கியிருக்கிறது. குழாயின் அழுத்தத்தால் இன்னும் இரண்டு சதவீதம் ஒடுங்கியிருக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் முக்கால் சதவீதம் தளர்ந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து, மீட்டர் 100 கன மீட்டர் என்று சொன்னால் திட்ட நிலையில் அது 102.264 கன மீட்டர்.

அதாவது 67.5 மீட்டர் உயரத்தில், 12.2 டிகிரியில் குடியிருக்கும் ஒரு கற்பனைப் பிரஜைக்காக எழுதிய பில் இது. நிஜப் பிரஜைகள் சற்று இப்படி அப்படி இருப்பார்கள். 300 மீட்டர் உயரத்து மலைக் கிராமத்தில் காற்றழுத்தம் இன்னும் குறைவு. அங்குள்ளவர் சுமார் இரண்டரை சதவீதம் வராத வாயுவுக்குக் காசு கொடுக்கிறார். அக்கா வீட்டைப் போல மீட்டர் வெளிச்சுவரில் இருந்து, வாயுவும் உறைநிலைக்குக் குளிர்ந்துவிட்டால், அதே மூச்சுக்குள் நான்கு சதவீதம் கூடுதல் வாயு அடைந்துகொள்ளும், லாபம் வீட்டுக்காரருக்கு. கோடையில் இது தலைகீழாகும். ஆனால் கோடையில் யார் பாய்லரை ஓட்டுகிறார்கள்?

சென்னையில் இப்போது குழாய் எரிவாயு வந்துகொண்டிருக்கிறது. அங்கே கணக்கு சுவாரசியமாகத் திரும்புகிறது. இந்தியாவிலும் திட்ட நிலை அதே 15 டிகிரிதான். ஆனால் மீட்டரில் நுழையும் வாயு 30 டிகிரியில் இருந்தால், கடலோர ஊர் என்றாலும், குழாய் அழுத்தம் அதே 21 மில்லிபார் என்றாலும், பெருக்கும் எண் ஒன்றுக்குக் கீழே, 0.97-க்கு இறங்கிவிடும். மீட்டர் 100 காட்டினால் திட்ட நிலையில் 97. உங்கள் பில்லில் அப்படி ஒரு திருத்தம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நம் சிவப்புச் சிலிண்டரில் இந்தத் தகராறே கிடையாது. அதை எடை போட்டு விற்கிறார்கள். ஊட்டியானாலும் வேலூரானாலும் 14.2 கிலோ 14.2 கிலோதான். (அந்த ஒரு சிலிண்டரின் சூடு ஏறக்குறைய 17, 18 கன மீட்டர் குழாய் எரிவாயுவின் சூட்டுக்குச் சமம். இரண்டில் எது மலிவு என்று கேட்பவர்கள் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தாங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.)

*

இரண்டாவது எண்தான் எனக்குப் பிடித்தது. பில்லில் 39.5 என்று இருந்தது. கலோரி மதிப்பு. திட்ட நிலையில் ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் வெளிவரும் வெப்பம், மெகாஜூலில்.

இது மாறிக்கொண்டே இருக்கும் எண். சுத்தமான மீத்தேன் என்றால் 37.7-தான் வரும். ஆனால் பூமிக்கடியிலிருந்து வருவது சுத்த மீத்தேன் அல்ல. கொஞ்சம் ஈத்தேன், கொஞ்சம் புரொப்பேன், எரியாத நைட்ரஜனும் சிறிது. நார்வேயிலிருந்து கடலடிக் குழாயில் வருவது ஒரு கலவை. கத்தாரிலிருந்து மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிக் கப்பலில் வருவது வேறொரு கலவை. எந்தப் பகுதிக்கு அன்றைக்கு எந்த வாயு போகிறதோ அதற்கேற்பக் கலோரி மதிப்பைத் தினந்தோறும் அளந்து, பில் காலத்துக்குச் சராசரி எடுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் 37.5-க்கும் 43-க்கும் இடையில் இருக்கும்.

இப்படிச் சூட்டை அளந்து விற்கும் வழக்கம் கேஸ் தொழில் பிறந்தபோது இல்லை. லண்டனில் 1812இல் முதல் கேஸ் கம்பெனி சாசனம் பெற்றபோது கேஸ் என்றால் வெளிச்சம். நிலக்கரியைக் காற்றில்லாமல் வாட்டி எடுத்த வாயுவைத் தெருவிளக்கில் எரித்தார்கள். வாயு தரமானதா என்று பார்க்க அதன் சுடரை மெழுகுவர்த்திச் சுடரோடு ஒப்பிட்டார்கள். இத்தனை மெழுகுவர்த்திக்குச் சமம் என்பதுதான் சட்டம் கேட்ட தரம். சூடு எவ்வளவு என்று யாருக்கும் அக்கறை இல்லை.

அந்த ஒப்பீட்டைக் கவிழ்த்தது ஒரு துண்டுத் துணிவலை. 1885இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கேஸ் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாகத் தொங்குமே, அதேதான். மேண்டில் வந்த பிறகு சுடர் பிரகாசமாக இருக்க வேண்டிய தேவை போயிற்று. சுடர் சூடாக இருந்தால் போதும். வெளிச்சத்தை வலை பார்த்துக்கொள்ளும். மேண்டிலின் உயிர் தோரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்காக உலகம் தேடிய மோனசைட் மணல் எங்கே கிடைத்தது தெரியுமா? அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. நாஞ்சில் நாட்டுக் கடற்கரை மணல் ஐரோப்பிய விளக்குகளுக்குப் போய் வெள்ளையாய் ஒளிர்ந்தது.

வெளிச்சத்தைக் கொடுப்பது வலை என்றான பிறகு வாயுவில் விலைக்குரியது சூடுதான். அதற்குள் மின்விளக்கும் வந்து வெளிச்ச வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. கேஸ் அடுப்புக்கும் கணப்புக்கும் ஒதுங்கியது. 1920இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு, கேஸை இனி தெர்ம் கணக்கில், அதாவது வெப்பக் கணக்கில் விற்க வழி செய்தது. ஒரு தெர்ம் 29.3 கிலோவாட் மணி. அமெரிக்காவில் இருப்பவர்கள் பலர் பில்லில் இன்றும் பார்ப்பது இதே தெர்மைத்தான்.

வெப்பத்தை விற்பதென்றால் நாள்தோறும், ஊர்தோறும் அதை நம்பகமாக அளக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர் சி.வி. பாய்ஸ். சி.வி. என்றால் நமக்கு ராமன்தான் நினைவுக்கு வருவார். இவர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ். சோப்புக் குமிழிகளைப் பற்றிச் சிறுவர்களுக்குச் சொன்ன சொற்பொழிவுகளை 1890இல் புத்தகமாக்கியவர். முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் உருண்டைகளைத் தொங்கவிட்டு 1895இல் ஈர்ப்பு மாறிலியை அளந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் பல்லாண்டு காலம் லண்டனின் கேஸ் நடுவர்களில் ஒருவராக இருந்து, கேஸ் பில்லுக்காகக் கலோரிமானி வடிவமைத்தார். கருத்து எளிது. நடுவே சிறு சுடர். அதைச் சுற்றி வளையும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக ஓடுகிறது. உள்ளே நுழையும்போது ஒரு வெப்பமானி, வெளியேறும்போது ஒன்று. எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டிகிரி ஏறியது, அதற்குள் எவ்வளவு வாயு எரிந்தது என்ற மூன்றும் தெரிந்தால் விடை கையில். எளிய கருத்தை நூற்றுக்கு ஒன்று பிசகாமல் செய்து காட்டுவதுதான் கஷ்டம். ஈர்ப்பு மாறிலியை அளந்த விரல்கள் அதற்குத் தேவைப்பட்டன. இன்று வாயுவைக் குரோமட்டோகிராஃப் கருவியில் பிரித்து, எந்த மூலக்கூறு எத்தனை பங்கு என்று பார்த்து, கலோரி மதிப்பைக் கணக்கிட்டே சொல்லிவிடுகிறார்கள்.

வெப்பத்துக்குக் காசு என்ற முடிவு எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. வட கடலில் 1965இல் இயற்கை எரிவாயு கண்டுபிடித்தார்கள். 1967 தொடங்கி பத்தே ஆண்டுகளில் நிலக்கரி வாயுவை முழுதாகக் கைவிட்டு, ஒரு கோடியே முப்பது லட்சம் வாடிக்கையாளர்களின் அடுப்புகளையும் கணப்புகளையும் வீடு வீடாகப் போய் மாற்றினார்கள். புது வாயுவின் கலோரி மதிப்பு பழையதைப் போல இரண்டு மடங்கு. இடக்கணக்கில் விற்றிருந்தால் விலைப்பட்டியலையே தலைகீழாக்க வேண்டியிருக்கும். தெர்ம் கணக்கில், மீட்டர் பாதி வேகத்தில் ஓடியது. பில்லில் சூடு அதே சூடாக இருந்தது.

3.6 என்ற எண்ணில் ரகசியம் ஏதுமில்லை. ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். ஆக, ஒரு கன மீட்டர் வாயு அக்கா வீட்டில் 1.02264 × 39.5 ÷ 3.6, அதாவது 11.2 யூனிட். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் நான் சொல்வது, மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பதினொன்றை மட்டும் மறக்காதீர்கள்.

விலை வரிகளைச் சட்டென்று கடந்துவிடலாம். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று ஸ்டாண்டிங் சார்ஜ். அப்போது ஏறத்தாழ 28 பென்ஸ். வீட்டு எரிபொருளுக்கு 5 சதவீத வாட் வரி. மாதாமாதம் வங்கியிலிருந்து ஒரே தொகை பிடிக்கச் சொல்லியிருப்பவர்களுக்குக் கோடையில் வரவு சேரும், குளிரில் கரையும். அவர்கள் தொகையைப் பார்க்காமல் யூனிட்டைப் பார்க்க வேண்டும். மீட்டரை யாரும் வந்து பார்க்காத மாதத்தில் கம்பெனி தானே ஓர் எண்ணை அனுமானித்துப் போடும். பக்கத்தில் 'மதிப்பீடு' என்று பொடியாக இருக்கும். ஒரே ஒரு மூடநம்பிக்கையை மட்டும் நின்று உதறிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அங்கே விலை உச்சவரம்பு என்று ஆண்டுக்கு 2,500 பவுண்டு என்பதுபோல ஒரு தொகையைச் செய்தியில் சொல்வார்கள். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் காசில்லை என்று அத்தான் நினைத்திருந்தார். அவர் மட்டுமில்லை, பலரும். வரம்பு யூனிட் விலைக்குத்தான். தொகை என்பது சராசரிக் குடும்பத்துக்கான எடுத்துக்காட்டு. எரிக்க எரிக்க ஏறிக்கொண்டேதான் போகும்.

*

இப்போது அக்காவின் பில்லுக்கு வருவோம். மீட்டர் வித்தியாசம் 160. நான் சொன்ன பதினொன்றால் பெருக்கினால் 1,800-ஐ ஒட்டி வர வேண்டும். பில்லில் 5,081 யூனிட்.

31 நாளில் 5,081 யூனிட் என்றால் இரவு பகல் ஓயாமல் கிட்டத்தட்ட 7 கிலோவாட். அவர்கள் பாய்லர் 24 கிலோவாட். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஓடும் பாய்லர். அதுவும் அந்த ஐந்து மணி நேரமும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. எட்டாத கணக்கு.

பொடி எழுத்துகளை மறுபடி படித்தபோது, 1.02264-க்கு முன்னால் இன்னொரு பெருக்கல் உட்கார்ந்திருந்தது: 2.83.

100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். பிரிட்டனின் பழைய மீட்டர்கள் நூறு கன அடியை ஒரு யூனிட்டாக எண்ணுபவை. புதியவை கன மீட்டரில் எண்ணுபவை. டிசம்பரில் மீட்டரை மாற்றியவர்கள் சுவரில் மாற்றிவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டரில் யாரும் மாற்றவில்லை. கன மீட்டரில் ஓடிய 160-ஐக் கன அடி என்று எடுத்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை கன மீட்டராக மாற்றியிருக்கிறது கணினி.

வெளியே போய் மீட்டரின் முகத்தைப் பார்த்தால் போதும். எம் என்ற எழுத்தும் அதன் தலைமேல் சின்ன மூன்றும் அச்சடித்திருக்கும். போய்ப் பார்த்தேன், இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தான், "அச்சடிச்சது சரின்னு என்ன மாப்ளே நிச்சயம்? பில்லும் அச்சடிச்சதுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விஞ்ஞானம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

பாய்லரை அணைத்தோம். அக்கா பாத்திரத்தில் இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். வெப்பமானி 8 டிகிரி காட்டியது. அத்தான் வெளியே குளிரில், மீட்டர் பெட்டி முன்னால் டார்ச்சோடு குந்தினார். கடைசி மூன்று இலக்கங்கள் சிவப்பில் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். "பத்த வைக்கலாமா?" என்று அக்கா கத்தினாள். பெரிய அடுப்பில் பத்து நிமிஷத்தில் தண்ணீர் கொதித்தது. அத்தான் உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: நாற்பத்து மூன்று.

இரண்டு லிட்டர் தண்ணீரை 8-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 0.21 யூனிட் வெப்பம் வேண்டும். மீட்டர் கன மீட்டரில் ஓடுகிறது என்றால் எரிந்தது 0.043 கன மீட்டர், 0.48 யூனிட். அடுப்பின் சூட்டில் 44 சதவீதம் தண்ணீருக்குப் போயிற்று, மீதி பாத்திரத்தின் ஓரமாக ஏறிக் காற்றில் கலந்தது. கேஸ் அடுப்புக்கு இது சாதாரணம். மீட்டர் நூறு கன அடியில் ஓடுகிறது என்றாலோ எரிந்தது 1.37 யூனிட், தண்ணீருக்குப் போனது 16 சதவீதம்கூட இல்லை. அப்படியொரு அடுப்பை வைத்துக்கொண்டு அக்கா இருபது வருஷமாகச் சமைத்திருக்க மாட்டாள். கொதித்த தண்ணீரில் அவள் டீத்தூளைப் போட்டுவிட்டாள்.

கம்பெனிக்கு மூன்று தடவை போன் பண்ண வேண்டியிருந்தது. முதல் ஆள் விலை உயர்வைப் பற்றி அனுதாபத்தோடு பேசினார். இரண்டாவது ஆள் வீட்டை நன்றாக மூடி வைக்கச் சொன்னார். மூன்றாவதாக வந்த ஒரு பெண் மட்டும் மீட்டரின் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்து, ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டார். சில வாரங்களில் திருத்திய பில் வந்தது: 1,795 யூனிட், ஸ்டாண்டிங் சார்ஜோடு ஏறத்தாழ 194 பவுண்டு. இதே தவறு தலைகீழாகவும் நடக்கலாம் என்பதை அக்காவிடம் சொன்னேன். கன அடி மீட்டரைக் கன மீட்டர் என்று பதிந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் பில் வரும். "அப்படி வந்திருந்தா உன்கிட்ட காட்டிருக்கவே மாட்டேன்" என்றாள்.

*

திருத்திய பில்லும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறது. அந்த 39.5 என்பது மொத்தக் கலோரி மதிப்பு.

மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஜனவரியில் அக்கா எரித்த 160 கன மீட்டரிலிருந்து 240 லிட்டர், ஒரு பெரிய பீப்பாய் நிறைய. நெருப்பு தண்ணீரைப் பெறுகிறது என்று சொன்னால் அத்தான் நம்பவில்லை. அந்தத் தண்ணீர் ஆவியாகவே புகைக்குழாய் வழியே போய்விட்டால் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவி மறுபடி தண்ணீராகக் குளிர்ந்தால்தான் அந்த வெப்பம் திரும்பக் கிடைக்கும். பாய்ஸின் கலோரிமானியில் அது குளிர்ந்து சொட்டியது. ஆகவே அந்த வெப்பத்தையும் சேர்த்தே மதிப்பைச் சொன்னார்கள், சேர்த்தே பில் போடுகிறார்கள். உங்கள் பாய்லர் அதைத் திரும்பப் பிடித்ததா, வானத்துக்கு அனுப்பியதா என்பது பில்லுக்குத் தெரியாது. அந்த ஜனவரிக்கு அது 18 பவுண்டு.

இங்கிலாந்தில் 2005 முதல் புதிதாகப் பொருத்தும் பாய்லர்கள் இந்த ஆவியைக் குளிர்விக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதி. அக்காவின் பாய்லரும் அந்த ரகம்தான். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி குளிரும். மாட்டிய ஆள் பாய்லரை 80-இல் வைத்துவிட்டுப் போயிருந்தார். வெளியே சுவரில் குளிர்காலம் முழுக்க வெள்ளைப் புகை பொங்கிக்கொண்டிருந்தது.

60-க்குக் குறைத்தோம். வீடு சூடாக இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். பாய்லரிலிருந்து சாக்கடைக்குப் போகும் மெல்லிய வெள்ளைக் குழாயின் வாயில் அத்தான் ஒரு வாளியை வைத்தார். முதல் நாள் இரவு, குறைப்பதற்கு முன் 80-இல் ஓடியபோது, வாளியின் அடி மட்டும் நனைந்திருந்தது. இரண்டாம் நாள் காலையில் மூன்று லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டினால் 0.68 யூனிட் வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். காசாகச் சொன்னால் 7 பென்ஸ். அதன் பிறகு நான் இருந்த பத்து நாளும் அத்தான் எழுந்தவுடன் பல் துலக்குவதற்கு முன்னால் வாளியைத்தான் பார்த்தார். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் லிட்டரைக் குறித்து வைத்தார்.

"இந்தத் தண்ணிய ரோஜாச் செடிக்கு ஊத்தலாமா?" என்று அக்கா கேட்டாள். வேண்டாம், புளித்த தண்ணீர், அமிலம் இருக்கும் என்றேன். அவள் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். "இருபத்தோரு பென்ஸ் போகுது" என்றார் அத்தான்.